மிர்-30ஏ கொடுத்தும் எல்சி3-2 கூடுது, எங்கே தப்பு?

அரிசிலாறு

வணக்கம். தஞ்சாவூரில் எம்.எஸ்சி. கடைசி வருடத் திட்டப்பணி. தலைப்பு: புரதமாக மாறாத ஆர்என்ஏக்கள் மனித நோய்களில் ஆட்டோஃபேஜியை (செல் தன் பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்துவது) எப்படி ஏற்றி இறக்குகின்றன. முதல் கட்டத்திலேயே இடிக்குது.

செய்தது இதுதான். எம்சிஎஃப்-7 (மார்பகப் புற்று) செல்கள், 6 குழித் தட்டு, மிர்-30ஏ என்ற மைக்ரோஆர்என்ஏவின் மிமிக் (செயற்கை நகல்) 100 நானோமோலார், லிப்பிட் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (கொழுப்புத் துகளில் வைத்து செல்லுக்குள் ஏற்றுவது), 48 மணி நேரம். ஆட்டோஃபேஜியைத் தொடங்க உதவும் பெக்லின்-1 புரதத்தின் எம்ஆர்என்ஏவை (புரதம் செய்யும் குறிப்பு) மிர்-30ஏ பிடித்து அடக்கும் என்று 2009-லேயே வந்திருக்கு. அப்போ ஆட்டோஃபேஜி குறையணும். ஆனால் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) எல்சி3-2க்கும் (ஆட்டோஃபேகோசோம் என்ற சிதைப்புக்குச் சுற்றும் பையின் சவ்வில் ஒட்டிய வடிவம்) எல்சி3-1க்கும் (ஒட்டாத வடிவம்) உள்ள விகிதம் ஒப்பீட்டுக் குழியைவிட இரண்டு மடங்கு. ஆட்டோஃபேஜியில் சிதைய வேண்டிய பி62 புரதமும் கொஞ்சம் கூடியிருக்கு. பெக்லின்-1 பட்டை எல்லாக் குழியிலும் மங்கல், வித்தியாசமே தெரியலை. ஒப்பீட்டுக் குழின்னு வைத்தது எதுவும் போடாத செல்கள்.

லூசிஃபெரேஸ் (மைக்ரோஆர்என்ஏ இலக்கில் ஒட்டுதா என்று ஒளியால் அளக்கும் சோதனை) மட்டும் ஒழுங்கா வந்தது. எச்இகே293 செல்லில் பெக்லின்-1-இன் 3-ப்ரைம் யூடிஆரை (எம்ஆர்என்ஏவின் புரதமாகாத வால்பகுதி) ரெனில்லா என்ற ஒளிரும் நொதியின் மரபணுவுக்குப் பின்னால் வைத்து மிமிக் கொடுத்தால் 40% இறங்குது. அப்போ இலக்கு சரிதானே?

அடுத்த கட்டம் காசநோயாளிகளின் ரத்தம். நாகை, மன்னார்குடி, தஞ்சாவூர் மூன்று இடத்திலும் எடுத்துப் பிளாஸ்மாவில் மைக்ரோஆர்என்ஏ பார்க்கிறதா திட்டம். வழிகாட்டி ஒரு நீள ஆர்என்ஏவையும் சேர்த்து 'ஸ்பாஞ்ச்' (நீள ஆர்என்ஏ மைக்ரோஆர்என்ஏவை உறிஞ்சி அதன் இலக்குகளை விடுவிப்பது) கதையா எழுதலாம்னு சொல்றார். தெரிந்தவங்க சொல்லுங்க.

மதகடி

தம்பி, எல்சி3-2 அளவு என்பது வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் மட்டம் மாதிரி. மட்டம் ஏறினால் தலைமடையில் மதகைத் திறந்திருக்கலாம். கடைமடையில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டும் இருக்கலாம். மட்டக்கோலை மட்டும் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. ஓட்டத்தை அளக்கணும். பி62-வும் சேர்ந்து ஏறியிருக்கிறதால் உங்க கணக்கில் அடைப்புக்குத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் அது இன்னும் ஊகம்தான்.

ஓட்டத்தை அளக்க, கடைமடையை நாமே அடைத்துவிட்டு, குறித்த நேரத்தில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறோம். அந்த வேலைக்கு லைசோசோமை (செல்லின் சிதைப்புப் பை) முடக்கும் பஃபிலோமைசின் ஏ1, 100 நானோமோலார், அறுவடைக்கு முந்தின 2 முதல் 4 மணி நேரம் மட்டும். ராத்திரி முழுக்க விட்டால் செல்லே நொந்துபோகும், பிறகு வருகிற எண்ணுக்குப் பொருள் இல்லை. குறைந்தபட்சம் நாலு தடம்: கட்டுப்பாட்டு மிமிக், அதோடு பஃபிலோமைசின், மிர்-30ஏ, அதோடு பஃபிலோமைசின். முடிந்தால் இதே நாலையும் இபிஎஸ்எஸ் கரைசலில் 2 மணி நேரம் பட்டினி போட்டு இன்னொரு தடவை. எம்சிஎஃப்-7-இல் சாதாரண ஊடகத்தில் அடிப்படை ஓட்டமே குறைவு. குறைவான ஒன்று இன்னும் குறைந்ததைக் காட்டுவது சிரமம். பட்டினியில் ஏற்றிவிட்டு அது தடைபடுகிறதா என்று பார்ப்பது சுலபம்.

வாசிப்பது இப்படி. பஃபிலோமைசின் உள்ள தடத்திலிருந்து இல்லாத தடத்தைக் கழியுங்க. அந்தக் கழிவு மிர்-30ஏ-இல் சிறியது, பஃபிலோமைசின் தடத்தின் உச்சமும் தாழ்வு என்றால் தொடக்கம் குறைந்திருக்கு, உங்க கருதுகோள் நிற்கும். பஃபிலோமைசின் இல்லாமலேயே மட்டம் உயரமா இருந்து, போட்ட பிறகு மேலே ஏறவே இல்லை என்றால் லைசோசோம் பக்கம் அடைப்பு. போட்ட பிறகும் கட்டுப்பாட்டைவிட உயரமா ஏறினால் ஆட்டோஃபேஜி நிஜமாவே கூடியிருக்கு.

அப்புறம் அந்த விகிதத்தை விட்டுடுங்க. பல ஆன்டிபாடிகள் எல்சி3-1-ஐவிட 2-ஐ நன்றாகப் பிடிக்கும். எல்சி3-1 உறைந்து உருகினாலே சிதையும். ரெண்டையும் வகுத்தால் மாதிரி ஃப்ரீசரில் எத்தனை தடவை உருகியது என்பதைத்தான் அளக்கிறீங்க. எல்சி3-2-ஐ ஆக்டினோடு ஒப்பிட்டு எழுதுங்க. ஜெல் 15%, சவ்வு 0.2 மைக்ரான் பிவிடிஎஃப். 0.45 போட்டால் இந்தச் சின்னப் புரதம் சவ்வைத் தாண்டிப் போயிடும், பட்டை இல்லைன்னு ஆன்டிபாடியைத் திட்டுவீங்க.

பி62-வுக்கு ஒரு எச்சரிக்கை. திரண்ட பி62 டிரைட்டான் கரைசலில் கரையாமல் வண்டலோடு போகும், வண்டலைக் கொட்டிவிட்டால் பாதிப் புரதம் போச்சு. 1% எஸ்டிஎஸ் உள்ள கரைசலில் எடுங்க. இன்னொன்று, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் என்ஆர்எஃப்2 என்ற மரபணு இயக்கி வழியா பி62-வின் எம்ஆர்என்ஏவே கூடும். க்யூபிசிஆர் (ஆர்என்ஏ அளவை அளக்கும் சோதனை) பார்க்காமல் 'பி62 தேங்கியது' என்று எழுதாதீங்க.

எருக்கஞ்செடி

மதகடி சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம். எம்சிஎஃப்-7-ஐ யார் தேர்ந்தெடுத்தது?

பெக்லின்-1-ஐ ஆட்டோஃபேஜியோடும் புற்றுக்கட்டி அடக்கத்தோடும் சேர்த்துக் காட்டிய 1999 ஆய்வே இந்தச் செல்லில்தான் நடந்தது. காரணம், இதில் பெக்லின்-1 ஏற்கெனவே ரொம்பக் குறைவு. வெளியிலிருந்து மரபணுவை ஏற்றினால் என்ன ஆகும் என்று அங்கே சுலபமாகப் பார்க்க முடிந்தது. உங்க பட்டை மங்கலா வருவதற்கு ஆன்டிபாடி காரணம் இல்லாமல் இருக்கலாம், புரதமே இல்லை. வறண்ட வயலில் நின்று மடையை அடைத்துத் தண்ணீர் குறைந்ததா என்று கேட்கிற மாதிரி. எச்1299 அல்லது டி98ஜி எடுங்க, மிர்-30ஏ முதலில் காட்டப்பட்ட செல்களில் இவையும் உண்டு. ஹீலாவும் ஓடும். கூடவே பெக்லின்-1 எஸ்ஐஆர்என்ஏ (அந்த மரபணுவை மட்டும் அடக்கும் சின்ன ஆர்என்ஏ) ஒரு குழி வைங்க. அதிலேயே எல்சி3 ஓட்டம் அசையவில்லை என்றால் அந்தச் செல்லில் மிமிக்கைப் பற்றிக் கேள்வியே எழாது.

100 நானோமோலார் அதிகம். மைக்ரோஆர்என்ஏவைத் தாங்கி வேலை செய்ய வைக்கும் ஆர்கோனாட் புரதத்தில் இடம் அளவானது. மிமிக்கை அள்ளிக் கொட்டினால் செல்லின் சொந்த மைக்ரோஆர்என்ஏக்கள் வெளியே தள்ளப்படும். அவை அடக்கி வைத்திருந்த நூறு மரபணுக்கள் தலைதூக்கும். அதைத்தான் 'மிர்-30ஏ விளைவு' என்று எழுதப் போறீங்க. 5, 10, 20 நானோமோலார் என்று மூன்று அளவு வைங்க. விளைவு 100-இல் மட்டும் வந்து 20-இல் இல்லையென்றால் அதை நம்பாதீங்க.

எதுவும் போடாத செல் ஒப்பீடே இல்லை. லிப்பிட் துகள் எண்டோசோம் என்ற, செல் உள்ளே விழுங்கும் பையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வருது. கிழிந்த எண்டோசோமைச் சுத்தம் பண்ண எல்சி3 தானே வந்து ஒட்டும். உங்க இரண்டு மடங்கில் பெரும்பகுதி இதுவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. அதே அளவு, அதே நிறுவனத்தின் குழப்பிய வரிசை மிமிக், அதே லிப்பிட் அளவு: அதுதான் ஒப்பீடு. ஜிஎஃப்பி-எல்சி3 தற்காலிகமாக ஏற்றிப் புள்ளி எண்ணும் எண்ணம் இருந்தால் விடுங்க. அளவு மிஞ்சினால் அது தானாகவே திரண்டு புள்ளியாகும். நிலையான செல்வரிசை செய்ய முடிந்தால் சிவப்பும் பச்சையும் சேர்த்த இரட்டை எல்சி3 நல்லது. லைசோசோமின் அமிலத்தில் பச்சை அணையும், சிவப்பு நிற்கும். மஞ்சள் புள்ளி கூடினால் அடைப்பு, சிவப்பு மட்டும் கூடினால் ஓட்டம்.

லூசிஃபெரேஸ் பற்றி: அது 'ஒட்ட முடியும்' என்பதை மட்டும் சொல்லும். ரெனில்லாவையும் மிமிக்கையும் அளவில்லாமல் கொடுத்த இடத்தில் எதுவும் எதோடும் ஒட்டும். சீட் பகுதி, அதாவது 2 முதல் 8 வரை உள்ள நியூக்ளியோடைடுகள், பொருந்தும் இடத்தில் மூன்று எழுத்தை மாற்றிய யூடிஆரில் இறக்கம் மறையணும். அது செய்யாவிட்டால் 40% என்பது வெறும் எண். பிறகு மீட்புச் சோதனை: 3-ப்ரைம் யூடிஆர் இல்லாத பெக்லின்-1-ஐ ஏற்றினால் மிர்-30ஏ-இன் விளைவு திரும்பணும். பாதிதான் திரும்புகிறதா, மீதி வேறு இலக்கு வழியா வருது. மிர்-30 குடும்பத்துக்கு ஏடிஜி5 என்ற ஆட்டோஃபேஜி மரபணுவும் இலக்குதான், அதனால் முழுக்கத் திரும்பாது என்று எதிர்பார்த்தே வடிவமைங்க.

கடைசியா, மிமிக் கொடுப்பது மிகையேற்றம் மட்டும். எதிர் மிர்-30ஏ (மிர்-30ஏ-ஐ முடக்கும் ஆர்என்ஏ) கொடுத்தால் பெக்லின்-1 ஏறுகிறதா என்பதும் வேணும். செல்லில் மிர்-30ஏ சொந்தமாக இருந்தால்தான் அது நடக்கும், முதலில் அதன் சிடி மதிப்பை (க்யூபிசிஆரில் சமிக்ஞை தெரியத் தொடங்கும் சுற்று எண், குறைந்தால் ஆர்என்ஏ அதிகம்) பாருங்க.

அரிசிலாறு

மதகடி சார், தம்பி இல்லை, தங்கச்சி :)

எம்சிஎஃப்-7 ஆய்வகத்தில் இருந்ததால் எடுத்தது, வேற காரணம் இல்லை. ஹீலா கிடைக்கும். எருக்கஞ்செடி சொன்னபடி 20 நானோமோலாரில் ஆரம்பிக்கிறேன்.

காசநோய்க்கு எந்த ஆர்என்ஏ எடுக்கலாம்? படிக்கப் படிக்க ஒன்று ஆட்டோஃபேஜியை ஏற்றுதுங்குது, இன்னொன்று இறக்குதுங்குது. ஸ்பாஞ்ச் வழி எழுதலாமா?

திருமலைராயன்

ஏற்றுதா இறக்குதா என்று கேட்கும்போது 'எந்தப் படியில்' என்பதையும் சேர்த்துக் கேட்கணும். மைக்ரோஆர்என்ஏ சுமார் 22 எழுத்து. அது ஒரு எம்ஆர்என்ஏவைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். அந்த எம்ஆர்என்ஏ தொடக்கத்தில் நிற்கிறதா, சவ்வு நீளும் இடத்திலா, லைசோசோமோடு சேரும் இடத்திலா என்பதைப் பொறுத்து விளைவு மாறும். மிர்-17 குடும்பம் யூஎல்கே1-ஐப் பிடிக்கும், அது முதல் படி. மிர்-106பி ஏடிஜி16எல்1-ஐப் பிடிக்கும், நடுப்படி. மிர்-204 எல்சி3பி-யையே பிடிக்கும், சிறுநீரகப் புற்றில் காட்டியது. மிர்-128 டிஎஃப்இபி-யைப் பிடித்தால் லைசோசோம் மரபணுக்கள் மொத்தமும் தாழும். இந்தக் கடைசி வகையில் எல்சி3-2 குறையாது, கூடவே செய்யும். உங்க முதல் கேள்விக்கு இது இன்னொரு சாத்தியமான பதில்.

காசநோயில் நன்றாக ஆராயப்பட்டது மிர்-33. கிருமி நுழைந்ததும் மேக்ரோஃபேஜில் (கிருமியை விழுங்கும் வெள்ளணு) மிர்-33-ஐயும் அதன் எதிர் இழையையும் ஏற்றிவிடும். அது ஏடிஜி5, ஏடிஜி12, எல்சி3பி, லாம்ப்1 எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தணிக்கும். அதோடு கொழுப்பமிலம் எரிவதும் குறையும், செல்லுக்குள் கொழுப்புத் துளி சேரும், அது கிருமிக்குச் சாப்பாடு. 2016-இல் வந்தது. எலியில் மிர்-33-ஐ நீக்கினால் கிருமி குறைகிறது. மிர்-125ஏ யுவிராக் என்ற ஆட்டோஃபேஜிப் புரதம் வழியாகவும், மிர்-144-இன் எதிர் இழை டிராம்2 என்ற இன்னொன்று வழியாகவும் ஆட்டோஃபேஜியை இறக்கும். மாறாக மிர்-155, ஆட்டோஃபேஜியைத் தடுக்கும் எம்டோரைத் தூண்டும் ரெப்-ஐத் தணித்து ஆட்டோஃபேஜியை ஏற்றும். இது முரண் இல்லை. கிருமி தன் வசதிக்கு ஏற்றுவதும் செல் தன் தற்காப்புக்கு ஏற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். எத்தனை மணி நேரத்தில் அளந்தார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு படியுங்க. 4 மணியும் 48 மணியும் ஒரே படத்தில் வரக்கூடாது.

என் தேர்வு மிர்-33. செல் மாதிரி டிஎச்பி-1 (வெள்ளணு வகைச் செல்வரிசை), பிஎம்ஏ என்ற வேதிப்பொருள் கொடுத்து மேக்ரோஃபேஜாக மாற்றி ஒரு நாள் ஓய்வு விட்டுப் பிறகு தொற்று. உயிருள்ள காசநோய்க் கிருமிக்கு மூன்றாம் நிலை உயிரியல் பாதுகாப்பு அறை வேணும், சாதாரண வளர்ப்பு அறையில் நினைத்துக்கூடப் பார்க்காதீங்க. பிசிஜி (தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த கிருமி) போதும், ஒரு செல்லுக்கு 5 என்று தொடங்குங்க. டிஎச்பி-1-இல் லிப்பிட் டிரான்ஸ்ஃபெக்‌ஷன் மோசமாக ஏறும். ஏறினதா என்பதை மிர்-33 க்யூபிசிஆரில் காட்டிவிட்டுத்தான் அடுத்த படி.

நோயோடு ஆர்என்ஏ நேரடியாகப் பொருந்தும் அழகான உதாரணம் வேணும் என்றால் முன்னுரையில் குரோன் குடல் நோயை வைங்க. ஆட்டோஃபேஜியில் பங்குள்ள ஐஆர்ஜிஎம் மரபணுவில் 313-ஆம் இடத்தில் ஒரு சி, டி ஆக மாறும். அமினோ அமிலம் மாறாது, அதனால் பல காலம் 'பேசாத மாற்றம்' என்றுதான் விட்டிருந்தார்கள். 2011-இல் பார்த்தால் அந்த இடம் மிர்-196 ஒட்டும் இடம். டி உள்ளவர்களில் மிர்-196 ஒட்டாது, ஐஆர்ஜிஎம் கட்டுக்கடங்காமல் இருக்கும், குடலில் ஒட்டி நுழையும் ஈகோலையை ஆட்டோஃபேஜி அடக்கத் தடுமாறும். கூடினாலும் கெடுதிதான் என்பதைக் கவனிங்க. ஐரோப்பியரில் இந்த மாற்றம் மரபணுவுக்கு மேல்பக்கம் 20,000 எழுத்து காணாமல் போன இன்னொரு மாற்றத்தோடு சேர்ந்தே வருது, அதனால் முழுப் பழியையும் மிர்-196 மேல் போட முடியாது. இதையும் எழுதினால்தான் நேர்மை.

இனி ஸ்பாஞ்ச். உங்க வழிகாட்டியை எதிர்த்துப் பேசச் சொல்லவில்லை, ஆனால் எண்ணிக்கை கேளுங்க. நீள ஆர்என்ஏ ஒரு செல்லில் பெரும்பாலும் சில பத்து பிரதிதான். மைக்ரோஆர்என்ஏ ஆயிரக்கணக்கில் இருக்கும், அதற்கு இலக்கு இடங்கள் அதைவிட அதிகம். கல்லீரல் செல்லில் மிர்-122-ஐ வைத்து 2014-இல் அளந்தபோது, இலக்குகள் விடுபட ஒரு செல்லுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல் இடம் தேவைப்பட்டது. காவிரியில் ஒரு குடம் மொண்டால் வெண்ணாறு வற்றாது. அதனால் நீள ஆர்என்ஏவையும் மைக்ரோஆர்என்ஏவையும் செல்லுக்கு எத்தனை என்று நிலைக்கோடு போட்டு அளந்துவிட்டு, கணக்கு ஒத்துவந்தால் மட்டும் ஸ்பாஞ்ச் என்று எழுதுங்க. மாரடைப்பில் ஏபிஎஃப் என்ற நீள ஆர்என்ஏ மிர்-188-ஐப் பிடித்து ஏடிஜி7-ஐ விடுவிக்கிறது என்ற 2015 எலி ஆய்வைப் படிக்கும்போதும் இதே கேள்வியைக் கையில் வைத்திருங்க.

ஸ்பாஞ்ச் இல்லாத வழிகள்தான் எனக்குச் சுவையா படுது. வால்ட் ஆர்என்ஏ 1-1 சுமார் 100 எழுத்துள்ள சின்ன ஆர்என்ஏ. அது யாரையும் உறிஞ்சுவதில்லை. நேரே பி62 புரதத்தோடு ஒட்டி அது ஒன்றோடொன்று திரளாமல் தடுக்கும். செல் பட்டினி கிடந்தால் இந்த ஆர்என்ஏ குறையும், பி62 திரளும், வேலை நடக்கும். 2019-இல் வந்தது. வளைய ஆர்என்ஏ சர்க்-பிஏபிபிஎன்1, ஏடிஜி16எல்1 எம்ஆர்என்ஏவைக் காக்கும் ஹெச்யூஆர் புரதத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும். வளைய ஆர்என்ஏ எடுத்தால் வெளிப்பக்கம் பார்க்கும் பிரைமர், நேர் ஆர்என்ஏவைத் தின்னும் ஆர்என்ஏஸ்-ஆர் போட்ட பிறகும் நிற்கிறதா என்ற சோதனை, சந்தி இடத்தில் மட்டும் ஒட்டும் எஸ்ஐஆர்என்ஏ, மூன்றும் வேணும்.

குடந்தை ரத்தப்பரிசோதனை

செல் சமாச்சாரம் மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ரத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இங்கேதான் திட்டம் கவிழும்.

ஊதா மூடிக் குழாய், இடிடிஏ. பச்சை மூடி வேண்டாம், ஹெப்பாரின் பிசிஆரை நிறுத்திவிடும், ஆர்என்ஏ எடுக்கும்போது முழுக்கக் கழுவிப் போகாது. எடுத்த 2 மணி நேரத்துக்குள் சுழற்றணும். நாகையிலிருந்து தஞ்சாவூர் வந்து சேரவே அந்த நேரம் போய்விடும். சித்திரை வெயிலில் பஸ்ஸின் ஜன்னலோரம் வைத்த பெட்டி என்றால் சொல்லவே வேண்டாம். முழு ரத்தத்தைக் கொண்டுவராதீர்கள். நாகையிலேயே பிளாஸ்மாவைப் பிரித்து அதைக் கொண்டுவாருங்கள். 1,900 ஜி, 10 நிமிடம். மேல் திரவத்தை எடுக்கும்போது வெள்ளணுப் படலத்துக்கு மேல் அரை சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். அதைப் புதுக் குழாயில் 16,000 ஜி, 10 நிமிடம், பிளேட்லெட் போகட்டும். 200 மைக்ரோலிட்டராகப் பிரித்து உலர்பனியில் அனுப்புங்கள். முழு ரத்தக் குழாயை ஐஸ்கட்டி மேல் நேரே வைக்காதீர்கள், ஓரத்தில் உறைந்து சிவப்பணு உடையும்.

சிவப்பணு உடைந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.2-க்கு மேல் போனால் ஒதுக்குங்கள். மிர்-23ஏ-இன் சிடி-யிலிருந்து மிர்-451ஏ-இன் சிடி-யைக் கழித்தால் 5-க்குக் கீழ் நல்லது, 7-க்கு மேல் உடைந்திருக்கிறது. மிர்-16-ஐ ஒப்பீடாக வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது சிவப்பணுவில் குவிந்து கிடப்பது, குத்தல் சரியில்லாத மாதிரியில் எல்லாக் கணக்கும் தலைகீழாகும். செல்லில் ஒப்பீடாக வைக்கும் யூ6 ஆர்என்ஏவும் பிளாஸ்மாவுக்கு ஆகாது. புழுவின் மிர்-39 செயற்கை ஆர்என்ஏவைச் சேருங்கள், ஆனால் சிதைப்புக் கரைசல் ஊற்றிய பிறகு. நேரே பிளாஸ்மாவில் போட்டால் அங்குள்ள ஆர்என்ஏஸ் சில நொடியில் தின்றுவிடும்.

ஒரு கேள்வி. பிளாஸ்மாவில் மிர்-33 கூடியிருந்தால் அது ஆட்டோஃபேஜியைப் பற்றி என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. எந்த உறுப்பிலிருந்து கசிந்தது என்றே தெரியாது. ஆட்டோஃபேஜி வேண்டும் என்றால் ரத்த வெள்ளணு எடுத்து ஓட்டத்தை அளக்க வேண்டும். முழு ரத்தத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றில் குளோரோகுயின் 150 மைக்ரோமோலார், 37 டிகிரியில் 1 மணி நேரம், பிறகு வெள்ளணுவைப் பிரித்து எல்சி3-2 பார்க்கும் முறை இருக்கிறது. இதையும் ரத்தம் எடுத்த இடத்திலேயே செய்தாக வேண்டும். ஒரு சூட்டுக்கட்டை போதும், ஆனால் கரண்ட் போனால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள், 'கிட்டத்தட்ட 37' என்று எழுத வேண்டாம். மூன்று ஊரில் செய்ய ஆள் இல்லை என்றால் தஞ்சாவூர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நெறிமுறைக் குழு அனுமதியில் இந்த மருந்து சேர்ப்பையும் எழுதி வாங்குங்கள். வெறும் 'ரத்த மாதிரி' என்று வாங்கிவிட்டுப் பிறகு சேர்க்க முடியாது. சிகிச்சை தொடங்கியவர், தொடங்காதவர், சர்க்கரை நோயும் சேர்ந்தவர் என்று தனித்தனியாகக் குறியுங்கள். சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் ஏஎம்பிகே என்ற நொதி வழியே ஆட்டோஃபேஜியைத் தொடும், அது உங்கள் மிர்-33 வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

அரிசிலாறு

மெட்ஃபார்மின் யோசிக்கவே இல்லை. படிவத்தில் சேர்க்கிறேன். தஞ்சாவூர் மட்டும்னு வழிகாட்டியிடம் கேட்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. பஃபிலோமைசின் விலை கட்டுப்படியாகலை. வெஸ்டர்னுக்கும் குளோரோகுயினே போட்டால் ஆகாதா?

மதகடி

ஆகும்மா. 50 மைக்ரோமோலார், 4 மணி நேரம். குளோரோகுயின் முக்கியமா ஆட்டோஃபேகோசோம் லைசோசோமோடு சேர்வதைத் தடுக்குது. நீண்ட நேரம் விட்டால் கோல்ஜியையும் கலைக்கும். அதனால் நேரத்தைக் கூட்டாதீங்க. எந்த மருந்து போட்டாலும் எல்லாத் தடத்துக்கும் அதே நிமிடக் கணக்கு. அளவைத் தேர்வு செய்ய முதலில் 10, 25, 50, 100 என்று போட்டு எல்சி3-2 எங்கே நின்றுவிடுகிறது என்று பாருங்க. நின்ற இடத்துக்குக் கீழே இருந்தால் உங்க அடைப்பே அரைகுறை.

பஃபிலோமைசின் கொஞ்சம் வாங்கினாலும் டிஎம்எஸ்ஓ-வில் கரைத்துச் சின்னச் சின்னக் குழாயாகப் பிரித்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20-இல் வைங்க. ஒரு குழாய் ஒரு சோதனைக்கு. உருக்கி மறுபடி உறைய வைத்ததைப் போட்டு மட்டம் ஏறலைன்னா, மிர்-30ஏ அடைத்ததா மருந்து செத்ததா என்று பிரிக்க முடியாது. ஒவ்வொரு ஜெல்லிலும் எதுவும் போடாத செல் ஒரு தடம், பஃபிலோமைசின் மட்டும் போட்ட தடம் ஒன்று ஓட்டுங்க, மருந்து உயிரோடு இருக்கா என்பது அதில் தெரியும்.